‘ஏமியபிள்’ ஆளுக்கு, ‘அமிக்கபிள்’ உடன்பாட்டுக்கு

ஒப்பந்த வரைவுகளையும் சமரச மனுக்களையும் அன்றாடம் சரிபார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில், ‘ஏமியபிள்’ (amiable), ‘அமிக்கபிள்’ (amicable) என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இடம் மாறி நிற்பதை அடிக்கடி காண்கிறேன். பணி அனுபவச் சான்றிதழில் ஊழியரை ‘அமிக்கபிள்’ ஆனவர் என்று பாராட்டியிருப்பார்கள். கூட்டு மனுவிலோ தரப்பினர் தகராறை ‘ஏமியபிளி’ முடித்துக்கொண்டதாக எழுதியிருப்பார்கள்.

‘ஏமியபிள்’ ஒருவருடைய சுபாவத்தைச் சொல்வது: முகம் கடுக்காமல் பேசுபவர், எவரோடும் எளிதில் பழகுபவர். ‘அமிக்கபிள்’ இரு தரப்புக்கு இடையில் நடப்பதைச் சொல்வது: பேச்சுவார்த்தை, உறவு, பிரிவு, உடன்பாடு. இரண்டுக்கும் மூலம் நண்பனைக் குறிக்கும் ‘அமிக்கஸ்’ என்ற லத்தீன் சொல்தான். ‘ஏமியபிள்’ பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது, ‘அமிக்கபிள்’ லத்தீனிலிருந்து நேராக வந்தது. நீதிமன்றத்துக்கு உதவும் ‘அமிக்கஸ் கியூரி’யை நாளிதழ் வாசகர்கள் அறிவார்கள். கணிதத்திலும் 220, 284 ஆகிய இணையை ‘அமிக்கபிள்’ எண்கள் என்பார்கள். ஒன்றின் வகுஎண்களை, அந்த எண்ணைத் தவிர்த்துவிட்டுக் கூட்டினால், மற்றது கிடைக்கும். அங்கேயும் தனி எண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் சமரச மேசைதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் தொடங்கப்பட்டது முதல், பாகப்பிரிவினை வழக்குகள் பல இந்த வழியில் முடிகின்றன. பொதுக் கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை மோட்டார் முறை, வண்டிப்பாதை எவ்வளவு அகலம் என்பதுவரை வரிவரியாகப் பேசி முடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கையெழுத்திட்டு, வந்த வழியே தனித்தனியாகத் திரும்பும் அண்ணன் தம்பிகள் உண்டு. இருவரில் எவரையும் ‘ஏமியபிள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது; ஆனால் அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு முழுக்க முழுக்க ‘அமிக்கபிள்’. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் மனமொத்து விவாகரத்து கோரும் தம்பதியருக்கும் இது பொருந்தும். சண்டையின்றிப் பிரிய அவர்கள் சம்மதித்திருக்க வேண்டுமே தவிர, இனிமையானவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சொல் மாறிப்போனதால் மனு தள்ளுபடியாகிவிடாது. நீதிமன்றம் நிபந்தனைகளைத்தான் பார்க்கும். உண்மையான சிக்கல், சொல்லைச் சரியாக எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. ‘தகராறு எழுந்தால் முதலில் சுமுகமாகப் பேசித் தீர்க்கப்படும், முடியாவிட்டால் நடுவரிடம் செல்லும்’ என்ற வாசகம் பல வணிக ஒப்பந்தங்களில் உண்டு. பேச்சை யார் தொடங்குவது, எத்தனை நாளில் அது முடிந்ததாகக் கொள்வது என்று எழுதாவிட்டால், பணம் தர வேண்டியவர் ‘பேச்சு இன்னும் முடியவில்லையே’ என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிக்க இடமுண்டு. எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்று ஒரு வரி சேர்த்தாலே அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

இத்தனையும் படித்துவிட்டு, சட்ட ஆவணத்தில் ‘ஏமியபிள்’ என்று கண்ட இடமெல்லாம் திருத்தத் தொடங்கும் இளம் வழக்கறிஞர்கள் ஓரிடத்தில் கை வைக்காமல் இருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பாய மற்றும் சமரசச் சட்டத்தின் 28(2) பிரிவில் ‘அமியாபிள் கொம்போசித்தர்’ (amiable compositeur) என்ற பிரெஞ்சுத் தொடர் வருகிறது; தரப்பினர் வெளிப்படையாக அதிகாரம் அளித்தால் மட்டுமே, சட்டத்தின் எழுத்தை விட்டு நியாய உணர்வின்படி தீர்ப்புச் சொல்லும் நடுவரை அது குறிக்கிறது. அந்தத் தொடரில் உள்ள எழுத்து சரியானதுதான்.