சோதிக்கச் சொன்னால் லாரியைப் பதிவு செய்தது ஏன்?

காரைக்குடி வாசகர் ஒருவர் ஆத்தங்குடி டைல்ஸை வெளியூர்களுக்கு அனுப்பும் கடை வைத்திருக்கிறார். கடையின் மென்பொருள் ஒரு சரக்கு லாரி நிறுவனத்தின் ஏபிஐ (இரு மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயில்) வழியாகக் கட்டணத்தைக் கேட்கும். லாரியையும் பதிவு செய்யும். அந்த இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல, கருவிகளைத் தானே தேர்ந்தெடுத்து வேலை செய்யும் ஓர் ஏஐ முகவரையும் அமைத்திருக்கிறார். "இணைப்பை நன்றாகச் சோதித்துப் பார்" என்று ஒரு நாள் அவர் சொல்லப்போக, முகவர் மதுரைக்கு மெய்யாகவே ஒரு லாரியைப் பதிவு செய்துவிட்டதாம். இவ்வளவு கற்ற இயந்திரத்துக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

தெரிந்துகொள்ள அதற்கு என்ன வழி இருந்தது என்று முதலில் பார்ப்போம். முகவருக்குள் இருக்கும் மொழி மாதிரி தானாக இணையத்தைத் தொடுவதே இல்லை. நம் கேள்வி, அதற்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு கருவியின் பெயர், அந்தக் கருவி என்ன செய்யும் என்னும் விவரிப்பு, அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய அனைத்தும் ஒரே உரையாகக் கோக்கப்பட்டு, டோக்கன்கள் என்னும் சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு அதன் முன் வைக்கப்படுகின்றன. மாதிரி அடுத்த டோக்கன் எது, அதற்கடுத்தது எது என்று கணித்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் கருவியின் பெயரையும் உள்ளீடுகளையும் எழுதிவிட்டு நிற்கிறது. வெளியே காத்திருக்கும் சாதாரண நிரல் அதைப் படித்து, உண்மையான கோரிக்கையைச் சர்வருக்கு அனுப்பி, வந்த விடையை அதே உரையின் வாலில் ஒட்டுகிறது. மாதிரி மீண்டும் அங்கிருந்து எழுதத் தொடங்குகிறது. கருவியைப் "பயன்படுத்துவது" என்பது இதில் முழுக்க முழுக்க எழுதுவதுதான் என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் வெளியிட்ட ஃபங்ஷன் காலிங் ஆகட்டும், ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் ஆகட்டும், மாதிரியைக் கருவிகளோடு இணைக்கும் இந்த முறைகளின் அடிப்படை இதுவே. கருவிக்குள் ஆயிரம் வரி நிரல் இருந்தாலும் மாதிரியின் கண்ணில் பொதுவாக அதில் ஒரு வரியும் படுவதில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கவும் அதற்கு வழியில்லை.

வாசகர் அனுப்பிய அமைப்பில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்றின் விவரிப்பு "இணைப்பைச் சோதிக்கும்". மற்றதன் விவரிப்பு "லாரி சேவைக்குக் கோரிக்கை அனுப்பி விடையைப் பெறும்". முதல் கருவி செய்தது, சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. ஆனால் ஓர் ஏபிஐ இணைப்பு பல படிகளைக் கொண்டது. சர்வரின் பெயரை டிஎன்எஸ் என்னும் இணையப் பெயரேடு எண் முகவரியாக மாற்றித் தர வேண்டும். அந்த முகவரியோடு டிசிபி இணைப்பு, அதாவது தரவு போய்வரும் பாதை, அமைய வேண்டும். சர்வர் அசலானதுதான் என்று காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும். நாம் யார் என்று காட்டும் ரகசியக் குறியீடான நம் சாவியைச் சர்வர் ஏற்க வேண்டும். அந்தச் சாவிக்கு அந்த வேலைக்கான அனுமதியும் இருக்க வேண்டும். சாவியை ஏற்காவிட்டால் 401 என்ற நிலை எண் வரும், சாவி சரியாக இருந்தும் அனுமதி இல்லையென்றால் 403 வரும், அளவுக்கு மீறிக் கேட்டால் 429 வரும், சேவை தற்காலிகமாக நின்றிருந்தால் 503 வரும். 503-க்குச் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். 401-க்கு அதே சாவியோடு நூறு முறை கேட்டாலும் பயனில்லை. வாசகரின் கருவியோ இவை எல்லாவற்றையும் "தோல்வி" என்று ஒரே சொல்லாக்கித் தந்தது. வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலை எண்ணைத் தந்துவிட்டு உள்ளே பிழைச் செய்தியை வைத்து அனுப்பும் சேவைகளும் உண்டு என்பதால், வெற்றி என்று வருவதையும் அப்படியே நம்ப முடியாது.

"நன்றாக" என்ற சொல்லைப் பார்த்த முகவர், முதல் கருவி போதாது என்று இரண்டாவதை எடுத்ததில் வியப்பில்லை. அந்தக் கருவி போஸ்ட் முறையில் (விவரத்தைக் கேட்க மட்டும் கெட் முறை, பதிவு போன்றவற்றைச் செய்யப் போஸ்ட் முறை) கோரிக்கை அனுப்பும் என்பதோ, அனுப்பினால் பதிவு உறுதியாகிப் பணம் கழியும் என்பதோ அதன் விவரிப்பில் எங்கும் இல்லை. முதல் கருவிக்கு நான் மாற்றி எழுதிக் கொடுத்தது இது:

"சாவி செல்லுபடியாகிறதா, கட்டணம் கேட்க அனுமதி உள்ளதா என்று கெட் முறையில் மட்டும் சோதிக்கும். எதையும் பதிவு செய்யாது. பதிவு செய்யும் அனுமதியைச் சோதிக்காது. அதைப் பற்றிக் கேட்டால் சோதிக்கவில்லை என்று சொல். விடையில் நிலை எண்ணும் சர்வரின் செய்தியும் அப்படியே வரும்."

இரண்டாவது கருவிக்கு: "உண்மையான லாரியைப் பதிவு செய்யும், பணம் கழியும், சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. எடை கிலோவில், டன்னில் அல்ல. அஞ்சல் குறியீடு 6 இலக்கம், எடுத்துக்காட்டு 630001."

இதில் எனக்கு மிகவும் பிடித்தது "சோதிக்காது" என்று முடியும் வாக்கியம். கருவி செய்வதை எவரும் எழுதிவிடுவார்கள். அது எங்கே நின்றுவிடுகிறது என்பதை எழுதாவிட்டால், அந்த இடைவெளியை மாதிரி தன் ஊகத்தால் நிரப்பும். எடையின் அலகும் சிறிய விஷயம் அல்ல; டைல்ஸ் கனமான சரக்கு, 2 டன்னுக்குப் பதில் 2 கிலோவுக்குக் கட்டணம் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்று முகவர் அறிக்கை தரும்.

விவரிப்பில் "மிக மிக முக்கியம்" என்று ஐந்து இடங்களில் எழுதினால் மாதிரி பயந்து நடக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பலனை அளந்து பார்க்காமல் அப்படி எழுதுவது, கடை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதற்கு எந்த வகையிலும் மேலானது அல்ல. வாடிக்கையாக வரும் கேள்விகளைத் தொகுத்து, பழைய விவரிப்போடு ஒரு முறையும் புதியதோடு ஒரு முறையும் ஓட்டி, முகவர் எந்தக் கருவியை எடுத்தது என்று எண்ணிப் பார்ப்பதே வழி. விவரிப்பு நீண்டால் ஒவ்வொரு உரையாடலிலும் அத்தனை டோக்கன்களுக்குச் செலவாகும். ஒரே செய்திக்குத் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் எடுக்கும் என்பது வேறு. தமிழ் விவரிப்புகளை மாதிரிகள் எவ்வளவு சரியாகப் பின்பற்றுகின்றன என்று அளக்கும் ஆராய்ச்சிக்கு நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட காரைக்குடியில் இதைக் கேட்பது பேராசை ஆகாது.

விவரிப்பை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அது அறிவுறுத்தல்தான், பூட்டு அல்ல. ஆகவே வாசகர் லாரி நிறுவனத்திடம் சோதனைக்கென்று, பதிவு செய்யும் அனுமதி இல்லாத தனிச் சாவி ஒன்றைக் கேட்டு வாங்கி முகவருக்கு அதை மட்டும் கொடுக்கட்டும். அப்படிப்பட்ட சாவி கிடைக்காவிட்டால், போஸ்ட் கோரிக்கை எதுவும் கடையில் இருக்கும் ஒருவர் ஒப்புதல் அளித்த பிறகே வெளியே போகுமாறு இடையிலுள்ள நிரலை மாற்றிக்கொள்ளலாம்.