வரி குறைந்தால் ஹூக் எளிமையாகிவிடாது

போன வாரமும் அதே கதை. ரகசியச் சாவியோ கடவுச்சொல்லோ கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட்டாகப் பதிவாகிவிடக் கூடாது என்று ஒருவர் ப்ரீ-கமிட் ஹூக் எழுதியிருந்தார், அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் கிட் தானாக ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட். 14 வரி. ரிவியூவில் "இவ்வளவு நீளம் எதற்கு, ஒரே வரியில் முடியுமே" என்று கேட்டார்கள். அவரும் சுருக்கினார்: மாறிய கோப்புகளின் பெயர்களை எக்ஸார்க்ஸ் (பெயர்களை வேறொரு கட்டளைக்கு அனுப்பும் கட்டளை) வழியாக கிரெப்புக்குக் (கோப்புக்குள் தேடும் கட்டளை) கொடு, அகப்பட்டால் நிறுத்து, பிழைச் செய்திகளை மறை.

அப்புறம் பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்பு வந்தது. எக்ஸார்க்ஸ் அதை இரண்டு பெயராக வெட்டியது. அப்படி ஒரு கோப்பே இல்லையென்று கிரெப் 2 என்ற பிழை எண்ணோடு வெளியேறியது. அதே கமிட்டில் வேறு கோப்பில் சாவி அகப்பட்டிருந்தும் பிழை நேர்ந்ததால் விடை 2தான். "தேடினேன், இல்லை" என்பதற்கு கிரெப் தரும் எண் 1. குனு எக்ஸார்க்ஸ் இரண்டையும் 123 ஆக்கிவிடும். வித்தியாசம் தெரியாத ஹூக் எல்லாம் சரியென்று வழிவிட்டது. சாவி ரெப்போவுக்குள் (நிரல் களஞ்சியம்) போய்விட்டது.

சுருக்கமும் எளிமையும் ஒன்று என்ற நினைப்பை எத்தனை ரிவியூவில்தான் திருத்துவது? நீக்கிய அந்த 13 வரியில்தான் "தேட முடியவில்லை என்றால் நிறுத்து" என்ற கிளை இருந்தது. ஹூக்கை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அவசரத்தில் கமிட் நின்றுபோகும்போதுதான் திறக்கிறார்கள், அதுவும் எழுதியவர் அல்லாத ஒருவர். அவருக்கு ஒரே பார்வையில் புரிந்தால்தான் அது எளிமை.

குறைப்பதென்றால் ஹூக்கின் வேலையைக் குறையுங்கள். முழுச் சோதனைத் தொகுப்பையும் ப்ரீ-கமிட்டில் ஓட்டாதீர்கள். கமிட் கட்டளையோடு நோ-வெரிஃபை (ஹூக்கை ஓட்டாதே என்ற விருப்பம்) கொடுத்தால் ஹூக்கையே தாண்டிவிடலாம். கட்டாயமான விதி சர்வரில், அனுப்பியதை ஏற்கும் முன் ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக்கில் இருக்கட்டும். (கமிட்டில் மைனஸ் என் என்றால் நோ-வெரிஃபை, கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷில் அதுவே ட்ரை-ரன், அதாவது அனுப்பாமல் ஒத்திகை. அதனால் ஆவணத்தில் முழுப் பெயரையே எழுதுங்கள்.)

கோப்புப் பெயர்களை கிட்டிடமிருந்து மைனஸ் இசட் விருப்பம் போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தமிழில் பெயர் வைத்த கோப்பை கிட் மேற்கோள் குறிக்குள் எண்களாக மாற்றித் தரும், உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தேடிக்கொண்டிருக்கும். வட்டில் இருக்கும் கோப்பைப் படிக்காதீர்கள், ஸ்டேஜ் செய்ததை, அதாவது கமிட்டுக்கென்று எடுத்துவைத்ததைப் படியுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். புஷ்ஷுக்கு முன் ஓடும் ப்ரீ-புஷ் ஹூக்கில், சர்வரில் உள்ள கிளையை (ப்ராஞ்ச்) அழிக்கும்போது உள்ளூர் கமிட்டின் அடையாள எண் முழுக்கப் பூஜ்யமாக வரும். ஸ்கிரிப்டில் அந்தப் பூஜ்ய எண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள், பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். மறுக்கும்போது "தோல்வி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். காரணம் தெரியாதவர்தான் நோ-வெரிஃபையைத் தேடிப் போகிறார்.

தயவுசெய்து, ஹூக்குக்கு ஒப்புதல் தருமுன் நீங்களே மூன்று கமிட் செய்து பாருங்கள்: இடைவெளி உள்ள பெயரில் ஒன்று, தமிழ்ப் பெயரில் ஒன்று, கோப்பை நீக்கி ஒன்று. முதல் இரண்டிலும் ஒரு பொய்ச் சாவியை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.