பிரஷர் 200ஐக் காட்டினால் நாக்குக்குக் கீழே குளிசை வைக்காதீர்கள்

மெஷினில் 200/110 என்று வந்ததும் வீடே பதறிப்போகும். யாருக்கோ கொடுத்த, பிரஷரைச் சடுதியாக இறக்கும் நிஃபெடிபின் குளிசையைத் தேடியெடுத்து நோயாளியின் நாக்குக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் புறப்படுவார்கள். வைத்தியசாலையில் எங்களை அதிகம் பயப்படுத்துவது அந்தக் குளிசைதான்.

வருடக்கணக்கில் பிரஷர் இருப்பவரின் மூளைக் குழாய்கள் அந்த உயர்ந்த அழுத்தத்துக்கே பழகியிருக்கும். அது சடுதியாக விழுந்தால், சாதாரண ஆளுக்குப் போதுமான அளவில் நின்றாலும் இவருடைய மூளைக்கு இரத்தம் போதாமல் போகும். இப்படிப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. வாட்டிலும் நாங்கள் அவசரப்பட்டுக் குறைப்பதில்லை. 220/130 என்றால் சராசரி அழுத்தம் (கீழ் எண்ணோடு, இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டியது) 160. முதல் மணித்தியாலத்தில் அதில் கால் பங்குக்கு மேல் குறைக்காமல், 120க்குக் கீழே போகவிடாமல், நாளத்தில் ஏற்றும் மருந்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்போம். அடுத்த 2 முதல் 6 மணித்தியாலத்தில் 160/100 அளவுக்கு வந்தால் போதும். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயான பெருநாடியின் சுவர் கிழிந்தவருக்குக் கணக்கு வேறு. மேல் எண்ணை விரைவாக 120க்குக் கொண்டுவந்தாக வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதத்திலோ, 220/120ஐத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் தொடவே மாட்டோம். இத்தனை வேறுபாட்டை வீட்டில் ஒரு குளிசையால் சமாளிக்க முடியாது.

எண் மட்டும் அவசரநிலை ஆகாது. 180/120ஐத் தாண்டி, கூடவே மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று ஏதாவது ஒன்று பழுதாகத் தொடங்கினால்தான் அவசரநிலை. படுக்க முடியாமல் மூச்சு முட்டுதல், நெஞ்சு இறுக்கம், முதுகைக் கிழிப்பதுபோல் திடீர் வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கர்ப்பிணிக்கு 160/110 வந்தாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், உடனே கொண்டுவர வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் அளவு கூட்டியே காட்டும். அன்றைய குளிசையைப் போட மறந்திருந்தால் வழக்கமான அளவை மட்டும் போடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம். எண் இறங்காவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நிறுத்திய குளிசைதான். "தலையிடி இல்லைத்தானே, அதான் விட்டுட்டன்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். பிரஷர் வலித்துச் சொல்லாது. குளொனிடின் என்ற பிரஷர் குளிசை எடுப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே பிரஷர் முன்னிருந்ததை விட மேலே எகிறும். மூட்டு வலிக்கு பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, லொசாட்டன் போன்ற பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும். கருவாடும் ஊறுகாயும் தினமும் சோற்றோடு சேர்ந்தால், நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற எல்லை எப்போதோ தாண்டியிருக்கும்.

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து வருபவர்கள் வாகனம் தேடி நேரத்தை விடாதீர்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சு முட்டுபவரைப் படுக்க வைக்காமல் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள குளிசை அட்டைகளையும், முடிந்துபோன வெறும் அட்டைகளையும் சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.