1ஐ 7ஆல் வகுத்தால் எட்டிப்பார்க்கும் முதன்மை மூலம்

முதன்மை மூலம் என்றதும் கல்லூரிக் கணக்கு என்று ஒதுங்க வேண்டாம். சேலத்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித் தருகிறேன், அதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

1ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். 0.142857 என்று வந்து அதே இலக்கங்கள் திரும்பத் திரும்பச் சுழலும். எல்லோரும் ஈவைத்தான் பார்ப்பார்கள், விஷயம் இருப்பது மீதியில். 10இல் 7 போக மீதி 3, சைபர் சேர்த்து 30 ஆக்கினால் மீதி 2, அப்புறம் 6, 4, 5, கடைசியில் 1. ஒன்று முதல் ஆறு வரை எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை! சைபர் சேர்ப்பது என்றால் 10ஆல் பெருக்குவதுதானே. ஆக இவை 10, 100, 1000 என்று 10இன் அடுக்குகளை 7ஆல் வகுத்தால் வரும் மீதிகள். இப்படி ஓர் எண்ணின் அடுக்குகளே பூஜ்யம் தவிர மற்ற எல்லா மீதிகளையும் கொடுத்துவிட்டால், அந்த எண்தான் 7க்கு முதன்மை மூலம்.

13க்கு 10 உதவாது. 10, 9, 12, 3, 4, 1 என்று ஆறே மீதியில் சுற்று முடிந்துவிடும், மற்ற ஆறும் தலைகாட்டவே காட்டாது. ஆனால் 2இன் அடுக்குகளை எடுத்தால் பன்னிரண்டும் வரும். எந்தப் பகா எண்ணுக்கும் ஒரு முதன்மை மூலமாவது இருந்தே தீரும் என்று ஜெர்மன் கணித மேதை காஸ் 1801இல் வெளியிட்ட நூலில் நிரூபித்திருக்கிறார்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, "17க்குப் பதினாறு மீதியும் போட்டுப் பார்க்கணுமா சார்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. தேவையே இல்லை. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 16ஆம் அடுக்கில் மீதி 1 வந்தாக வேண்டும், அதற்கு முன்பே 1 வந்துவிட்டால் அந்த இடம் 16ஐ மீதியின்றி வகுக்கும் 1, 2, 4, 8 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அப்படியானால் 8ஆம் அடுக்கிலும் 1 வந்திருக்கும். அந்த ஒன்றைச் சோதித்தால் போதும். 100ஐ 17ஆல் வகுத்தால் மீதி 15, அதாவது 17க்கு 2 குறைவு என்பதால் −2 என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் வர்க்கம் 4, இது நாலாம் அடுக்கு. அதையும் வர்க்கப்படுத்தினால் 16, இது எட்டாம் அடுக்கு. 1 வரவில்லை. எனவே 17க்கு 10 முதன்மை மூலம், 1/17இன் தசமத்தில் 16 இலக்கங்கள் சுழலும். அடுத்த வகுப்புக்கு வரும்போது 19, 23 இரண்டையும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்குவதற்குள் மனக்கணக்காகவே போட்டு முடித்திருந்தாள். இரண்டுக்கும் 10 முதன்மை மூலம்தான்.

10ஐ முதன்மை மூலமாகக் கொண்ட பகா எண்கள் 7, 17, 19, 23, 29 என்று போகும் இந்த வரிசைக்கு முடிவே கிடையாது என்பது கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் 1927இல் முன்வைத்த ஊகத்தில் அடங்கும். 10க்கே இன்னும் நிரூபணம் இல்லை. 1986இல் கணித அறிஞர் ஹீத்-பிரவுன் காட்டிய ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 2, 3, 5 இவற்றில் ஏதாவது ஒன்றாவது எண்ணற்ற பகா எண்களுக்கு முதன்மை மூலம். அது எது என்று மட்டும் இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.