முதலில் தோள், பிறகு மற்றதெல்லாம்

தாய்ச்சி என்ற, மெதுவாக அசையும் சீனத் தற்காப்புக் கலையைக் கற்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்: "சார், உடம்புக்குள்ள 'சி' ஓடுறது எப்பத் தெரியும்?" 'சி' என்பது உடம்பில் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் உயிராற்றல். நான் பிசியோதெரபிஸ்ட்; தாய்ச்சியும் சொல்லித் தருகிறேன். பதிலுக்கு நான் கேட்பது: "உங்க இடது தோள் இப்ப எங்க இருக்கு?" திரும்பிப் பார்த்த பிறகுதான் அது காதை நோக்கி ஏறியிருப்பது அவர்களுக்கே தெரியும்.

வாங் சோங்யூ பெயரில் வழங்கும் பழைய சீன உரை தாய்ச்சியின் படிகளை மூன்றாகச் சொல்கிறது. முதலில் அசைவு கைவர வேண்டும். அதிலிருந்து 'தோங் ஜின்', அதாவது விசையைப் புரிந்துகொள்வது. 'ஷென் மிங்' என்ற தெளிவு அதற்கப்புறம். எல்லோருக்கும் மூன்றாவதன் மேல்தான் கண்.

ஆரம்பம் ஜான் ஜுவாங். மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகளை வைத்து, நட்ட கம்பமாக நிற்பது. சில நிமிடங்களில் தொடை நடுங்கும், உள்ளங்கை சூடாகும். இதைத்தான் பலர் 'சி' என்று கொண்டாடுகிறார்கள். நடுக்கம் தசைக் களைப்பு, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு, எடை குதிகாலில் இருக்கிறதா முன்பாதத்திலா, தாடை இறுகுகிறதா, மூச்சு எங்கே தடைபடுகிறது என்று பாருங்கள். தாய்ச்சி ஆசான் யாங் செங்ஃபூ (1883–1936) தந்த பத்துக் குறிப்புகளில் தோளைத் தளர்த்தி முழங்கையைத் தொங்கவிடுவதும் ஒன்று. என் தோள் இறங்கவே இரண்டு வருஷம் பிடித்தது.

அடுத்து அசைவுத் தொடர். 1956-ல் சீனாவில் தொகுத்த 24 அசைவுகளே பெரும்பாலும் போதும். வேகத்தில் ஒளிந்துகொள்ளும் பிழை, மெதுவாகச் செய்யும்போது அகப்பட்டுவிடும். முக்கியமாக முழங்கால். இடுப்பு திரும்பாமல் முழங்காலை மட்டும் திருப்பினால், அது உள்பக்கம் சரிந்து வலிக்கத் தொடங்கும். வலித்தால் முழங்காலைக் குறைவாக மடக்கி, உயரமாக நில்லுங்கள். "பல்லைக் கடிச்சுத் தாங்கு" என்று எந்த ஆசான் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முறையாகச் செய்தால் பலன் உண்டு: 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 195 பார்க்கின்சன் நோயாளிகளில் 24 வாரம் தாய்ச்சி செய்தவர்கள், தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

விசை புரியத் தொடங்குவது துய் ஷோவில். இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, மெல்லத் தள்ளி, விட்டுக்கொடுப்பது. இங்கே பழகுவதற்குத் 'திங் ஜின்' என்று பெயர். தோலால் கேட்பது என்று நான் சொல்வேன். எதிரில் நிற்பவர் பின்னங்காலை ஊன்றுவது அவர் மணிக்கட்டிலேயே தெரியும். நம் கை விறைத்திருந்தால் நம் விறைப்பு மட்டுமே கேட்கும். பலசாலிகள் இங்கேதான் திணறுகிறார்கள்.

வகுப்பில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். என்னோடு கை கோத்தவர் ஒருநாள் சொன்னார்: "சார், தள்ளுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிக்கிறீங்க. அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன்."

மறுபடி தள்ளிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.