நிலவாகை: சில நாள் மருந்து, தினசரித் தேநீர் அல்ல

தென்மாவட்ட மானாவாரி நிலங்களில், மழை பொய்த்த ஆண்டிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் நிலவாகையை நம் ஊர்ச் செடி என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் பிறப்பிடம் சூடான், சோமாலியா, அரேபியா ஆகிய வறண்ட நிலங்கள். அரபு மருத்துவர்கள் மலமிளக்கியாகக் கையாண்ட அந்த இலை, திருநெல்வேலிச் சீமையில் பயிராகத் தொடங்கியபின் உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே விலைபோனது. சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணத்தை நாங்களும் மலச்சிக்கலுக்குத் தருகிறோம்.

அண்மையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று ஒரு பெண்மணி வந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. விசாரித்தபோது, உடல் மெலிய ஏழு மாதமாக ஒரு ‘மூலிகைத் தேநீர்’ குடிப்பதாகச் சொல்லிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதன் பின்புறம், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், ‘சென்னா இலை’ என்றிருந்தது.

இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு என்னும் வேதிப்பொருள் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் உடைக்கப்பட்ட பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது. இரவில் உட்கொண்டால் விடியலில் வயிறு கழிவதற்கும், 6 முதல் 12 மணி நேரம் ஆவதற்கும் அதுவே காரணம். (இரண்டு மணி நேரத்தில் பலன் இல்லையென்று மறுபடி ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, மறுநாள் முழுக்க வயிற்றைப் பிசைந்தபடி கிடந்தவர்களும் என்னிடம் வந்ததுண்டு.) உண்ட உணவின் சத்தும் கொழுப்பும் அதற்கு முன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுவதால், எடைக்கருவியில் குறைவது நீரும் மலமுமே தவிரக் கொழுப்பு அல்ல, அந்த நீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. நீர்பிரி மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சினோ உட்கொள்பவர்களுக்கு இந்த இழப்பு இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும்.

மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்குமேல் இதைத் தொடர வேண்டாம். குடலடைப்பு, குடல் அழற்சி, காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீர் செம்பழுப்பாவது மட்டும் இயல்பானது, அஞ்ச வேண்டியதில்லை.

நாட்டுமருந்துக் கடையில் வாங்குவோர் இலையின் நுனியைப் பாருங்கள். நிலவாகை இலை நீண்டு கூராக முடியும். நுனி மழுங்கி உருண்டிருந்தால் அது பெரும்பாலும் கலப்படமாகச் சேர்த்த ஆவாரை இலை.

அந்தப் பெண்மணிக்குத் தேநீரை நிறுத்தியபின் மலம் தானாகக் கழியச் சில வாரங்கள் ஆயின. இடைப்பட்ட நாள்களில் கீரையும் வாழைத்தண்டும் தண்ணீரும்தான் நான் எழுதிக்கொடுத்தவை.