கவுன்சில் வரி உயர்வும் சேவைக் குறைப்பும்: இங்கிலாந்தில் குடியிருப்போரின் உரிமைகள்

இங்கிலாந்தில் உள்ள கவுன்சில்கள் ஏப்ரல் மாதம் தொடங்கும் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைக் குறித்துக் குளிர்கால மாதங்களில் மக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். கேள்வித்தாள்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கின்றன: எந்தச் சேவை உங்களுக்கு முக்கியம், கவுன்சில் வரி உயர்வை ஏற்பீர்களா? நூலகத்தை மூடாதீர்கள் என்று ஒரு கட்டத்திலும், வரியை உயர்த்தாதீர்கள் என்று அடுத்த கட்டத்திலும் குறியிட்டு அனுப்பினால், அந்தப் பதிலைக் கொண்டு எந்தக் கவுன்சிலரும் எதுவும் செய்ய முடியாது. சட்டப்படி இவை இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதால், பதிலும் இரண்டையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

அந்தக் கணக்கை 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் வகுத்துள்ளது. வரும் ஆண்டில் கவுன்சில் செலவிடப்போகும் மொத்தத் தொகையிலிருந்து அரசு மானியம், வணிக நிறுவனங்கள் செலுத்தும் வரி, கட்டணங்கள், கையிருப்பிலிருந்து எடுக்கும் தொகை ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவதே குடியிருப்போரிடமிருந்து வசூலிக்க வேண்டிய தொகை. வீடுகள் 1991 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பின்படி ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. டி பிரிவு வீட்டின் வரியை அளவுகோலாகக் கொண்டால், ஏ பிரிவினர் அதில் மூன்றில் இரண்டு பங்கையும், எச் பிரிவினர் இரு மடங்கையும் செலுத்துகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மதிப்பை வைத்து இன்றைக்கும் வரி போடுவது நியாயமா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்க்கும் அதிகாரம் எந்தக் கவுன்சிலுக்கும் இல்லை. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கித் துண்டு விழுவதை நிரப்பவும் கவுன்சிலுக்கு அனுமதி கிடையாது. வரவும் செலவும் ஒத்துவராது என்று தெரிந்தால் நிதித் தலைமை அலுவலர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அறிவிப்பை, அதாவது புதிய செலவுகளை நிறுத்திவைக்கும் எச்சரிக்கையை, வெளியிட வேண்டும். குறொய்டன் 2020இலும் 2022இலும், பர்மிங்காம் 2023இலும் இந்த நிலைக்கு வந்தன.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கவுன்சிலை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பிரிவு வீடுகளையும் டி பிரிவு வீடுகளாக மாற்றிக் கணக்கிட்டால் அங்கே ஒரு லட்சம் வீடுகள், டி பிரிவு வரி ஆண்டுக்கு 1,500 பவுண், துண்டு விழும் தொகை 2 கோடி பவுண் என்று வைத்துக்கொண்டால், வரியை ஒரு சதவீதம் உயர்த்தினால் 15 லட்சம் பவுண் கிடைக்கும். 4.99 சதவீதம் உயர்த்தினால் ஏறத்தாழ 75 லட்சம் பவுண். டி பிரிவு வீட்டுக்கு இது வாரத்துக்கு 1.44 பவுண். மீதி 1.25 கோடி பவுணுக்குச் சேவைகளைக் குறைக்க வேண்டும், கட்டணங்களைக் கூட்ட வேண்டும், அல்லது கையிருப்பில் கை வைக்க வேண்டும். எதையும் குறைக்காமல் வரியாலேயே ஈடுகட்டுவதென்றால் 13 சதவீதத்துக்கு மேல் உயர்வு தேவைப்படும். உங்கள் கவுன்சிலின் நிதி அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண், வரியின் ஒரு சதவீதம் எத்தனை பவுணைத் தரும் என்பதுதான். அது தெரிந்துவிட்டால், மூடப்போவதாகச் சொல்லும் நூலகத்தின் செலவு வரியில் எத்தனை பென்ஸ் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

எல்லாப் பணத்தையும் எல்லாவற்றுக்கும் செலவிட முடியாது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. சாலை போடவும் கட்டடம் கட்டவும் ஒதுக்கிய மூலதன நிதியை, அரசின் தனி அனுமதி இல்லாமல், ஊழியர் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. நடைபாதையைப் பெயர்த்துப் போடக் காசிருக்கிறது, முதியோர் மையத்துக்கு இல்லையா என்ற கோபமான கேள்விக்கு விடை இதுவே. கவுன்சில் வீடுகளின் வாடகை தனிக் கணக்கில் நிற்கிறது. வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கூட்டுங்கள் என்பது பலர் எழுதும் யோசனை. ஆனால் பார்னெட் கவுன்சில் குடியிருப்போரின் நிறுத்த அனுமதிக் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாக உயர்த்தியபோது, வருவாய் திரட்டுவதற்காக அப்படிச் செய்யச் சட்டம் இடமளிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. முதியோர், குழந்தைகள் நலப் பராமரிப்பு சட்டக் கடமை என்பதால் அங்கே வெட்ட அதிக இடமில்லை. ஆகவே கத்தி பூங்கா, இளைஞர் மையம், நூலகத்தின் திறப்பு நேரம் ஆகியவற்றின் மீதே முதலில் விழுகிறது. கையிருப்பு நிதியை எடுக்கலாம், ஆனால் அது ஒரு முறைதான் உதவும். அது போதுமான அளவில் இருக்கிறதா என்று நிதி அலுவலர் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் விதி.

கருத்துக் கேட்பது கட்டாயமா என்றால், விடை சற்றுச் சிக்கலானது. செலவுத் திட்டம் பற்றி வணிக வரி செலுத்துவோரின் பிரதிநிதிகளிடம் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. குடியிருப்போர் அனைவரிடமும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும் என்று அவ்வளவு நேரடியாகச் சொல்லும் விதி இல்லை. 1999ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் பொதுவான கலந்தாலோசனைக் கடமையே இருக்கிறது. ஆனால் குறைந்த வருமானமுள்ளோருக்கான கவுன்சில் வரிச் சலுகைத் திட்டத்தை மாற்றுவதென்றால் கருத்துக் கேட்பது கட்டாயம். எந்தக் காரணத்தால் கேட்கத் தொடங்கினாலும் நேர்மையாகக் கேட்டாக வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் உறுதிசெய்துள்ளன. பிரெண்ட் கவுன்சில் தொடர்பான 1985ஆம் ஆண்டு வழக்கில் எடுத்துரைக்கப்பட்ட நான்கு விதிகளே இன்றும் அளவுகோல்: முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், சிந்தித்துப் பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சான்றோடு கருத வேண்டும்.

வரியையும் வெட்டையும் சேர்த்துப் பார்க்கும் உரிமை எவ்வளவு உறுதியானது என்பதை லண்டனின் ஹாரிங்கே கவுன்சில் தொடர்பான வழக்கு காட்டுகிறது. 2013 ஏப்ரலில் மத்திய அரசு கவுன்சில் வரி உதவித்தொகையை ஒழித்து, சலுகைத் திட்டத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கச் சொன்னதோடு, அதற்கான நிதியை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. ஓய்வூதிய வயதினரின் சலுகையில் கை வைக்கக்கூடாது என்பதால், பற்றாக்குறையை உழைக்கும் வயதிலுள்ள ஏழைகளின் சலுகையைக் குறைத்து ஈடுகட்ட ஹாரிங்கே முடிவுசெய்தது. 2012 ஆகஸ்ட் இறுதியில் சலுகை பெற்றுவந்த ஏறத்தாழ 36,000 வீடுகளுக்குக் கடிதம் போனது. குறைப்பைத் தவிர வழியே இல்லை என்ற தோற்றத்தை அந்தக் கடிதம் தந்தது. எல்லோருக்கும் வரியைச் சற்று உயர்த்தலாம், வேறு சேவையைக் குறைக்கலாம், கையிருப்பை எடுக்கலாம் என்ற மாற்று வழிகளையும், அவற்றைக் கவுன்சில் ஏன் ஒதுக்கியது என்பதையும் அது சொல்லவில்லை. இப்படிக் கேட்டது சட்டவிரோதம் என்று 2014 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபடியும் கருத்துக் கேட்குமாறு ஆணையிட மறுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கொள்கையில் வென்றவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஆயினும் உங்கள் கைக்கு வரும் கேள்வித்தாள் வெட்டுகளை மட்டும் பட்டியலிட்டு வரியைப் பற்றி மௌனம் காத்தால், இந்தத் தீர்ப்பைச் சுட்டி, ஒதுக்கப்பட்ட மாற்று வழிகள் எவை என்று எழுத்தில் கேட்கலாம்.

வாக்கெடுப்பு என்ற இன்னொரு வழியும் உண்டு. 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டப்படி, அரசு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் வரம்புக்கு மேல் வரியை உயர்த்த விரும்பும் கவுன்சில் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். முதியோர் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்களுக்கு 2023 முதல் மூன்று நிதியாண்டுகளுக்கும் இந்த வரம்பு 5 சதவீதமாக இருந்தது. ஊருக்கு ஊர் 4.99 என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பெட்ஃபோர்ட்ஷயர் காவல்துறை ஆணையர், கவுன்சில் வரியில் காவல்துறைக்குச் சேரும் பங்கில் 15.8 சதவீத உயர்வுக்காக 2015 மே 7 அன்று வாக்கெடுப்பு நடத்தித் தோற்றார். அரசே வரம்பைத் தளர்த்திவிட்டால் வாக்கெடுப்பும் தேவையில்லை: 2023இல் குறொய்டன் 15 சதவீதம் உயர்த்தியது அப்படித்தான்.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் குறை, வாக்குச்சீட்டு உயர்வுக்கு ஆமா இல்லையா என்று மட்டும் கேட்பது. சட்டம் வருவதற்கு முன்பே, 1999இல், மில்டன் கீன்ஸ் இதைவிட நேர்த்தியாகக் கேட்டது: 5, 9.8, 15 சதவீத உயர்வுகள் ஒவ்வொன்றுக்கும் எந்தச் சேவை குறையும் அல்லது கூடும் என்று விளக்கி வாக்கெடுப்பு நடத்தியபோது, மக்கள் நடுவிலிருந்த 9.8 சதவீதத்தைத் தேர்ந்தார்கள். எல்லா ஊரும் அப்படி முடிவெடுத்துவிடவில்லை. 2001இல் பிரிஸ்டல் மக்கள் உயர்வே வேண்டாம் என்றார்கள், குறொய்டன் மக்கள் மிகக் குறைந்த உயர்வைத் தேர்ந்தார்கள். ஆனால் எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று அறிந்தே அவர்கள் வாக்களித்தார்கள்.

கருத்துக் கேட்பில் பதில் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. வாடகைக்கு இருப்போரும் சொல்லலாம். வாக்களிப்பதற்கு மட்டுமே தகுதி வேண்டும். பிரித்தானியாவில் வசிக்கும் அனுமதி பெற்ற இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டாளர்கள் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் சேரலாம். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு: 2024 மே முதல், 2020 முடிவதற்குள் சட்டப்படி வந்து தொடர்ந்து வசிக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உள்ளூராட்சி வாக்குரிமை நீடிக்கிறது, அதன் பின் வந்த பிரெஞ்சு, ஜெர்மன், நெதர்லாந்துக் குடிமக்களுக்கு அது இல்லை. சுவிஸ், நார்வே குடிமக்களுக்கும் இல்லை.

முடிவெடுக்கும் கூட்டம் பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும். மார்ச் 11க்கு முன்பே வரி நிர்ணயிக்கப்பட வேண்டும். கூட்ட ஆவணங்கள் ஐந்து முழு நாட்களுக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும். எந்தக் கவுன்சிலர் எப்படி வாக்களித்தார் என்பது 2014 முதல் பெயரோடு பதிவாகிறது. தன் வீட்டின் கவுன்சில் வரியை இரண்டு மாதங்களுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் இந்தத் தீர்மானத்தில் வாக்களித்தால் அது குற்றம் என்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதியே.

கூட்டத்தோடு உரிமை முடிந்துவிடுவதில்லை. நிதியாண்டு முடிந்ததும், தணிக்கைக்குப் போகும் கணக்குகளையும் அவற்றோடு தொடர்புடைய ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் 30 வேலை நாட்களுக்குப் பார்வையிடலாம். உள்ளூர் வாக்காளர் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், எழுத்தில் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அப்போது, மார்ச் மாதத்தில் சேமிப்பதாக வாக்களித்த தொகையில் எவ்வளவு உண்மையில் சேமிக்கப்பட்டது என்று பாருங்கள். சேமிக்கப்படாத பகுதி அடுத்த ஆண்டின் துண்டு விழும் தொகையில் சேர்ந்து மீண்டும் உங்களிடமே கேள்வித்தாளாக வரும்.